முடியாத வேலைகளுக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு

மார்ச் 31 நெருங்கும்போது வங்கிக் கிளைகளில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் பணி மும்முரமாக நடைபெறும். வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பன பதிவாகி அந்த ஆண்டின் ஏடு மூடப்படும். சென்ற ஆண்டு அதே நாள் இரவில், எங்கள் மடிக்கணினியையும் அவ்வாறு ஒருமுறை கணக்குப் பார்க்க அமர்ந்தோம்.

ஓய்வு நேரத்தில் தொடங்கிய சொந்த முயற்சிகள் பதினேழு அதில் இருந்தன. வீட்டுச் செலவைப் பதிவு செய்ய ஒரு செயலி, ரயில் பயணங்களைக் குறித்து வைக்க ஒரு நிரல், சிறுவர்களுக்கான சொல் விளையாட்டு, நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்ட நாவல், பாதி வரைந்த படக்கதை எனப் பட்டியல் நீண்டது. முடிந்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

இது எங்கள் ஒருவரின் கதை மட்டுமன்று. நிரல் எழுதக் கற்றுக்கொள்வதும், படம் வரைவதும், ஒலிப்பதிவு செய்வதும் இன்று ஒரு கைப்பேசியோடு தொடங்கிவிடக் கூடியவை. தொடங்குவதற்குச் செலவில்லை, தொடங்கும் நாளில் உற்சாகத்துக்கும் குறைவில்லை. பிழைகளைத் தேடித் திருத்த வேண்டிய நடுப்பகுதியில்தான் கை தளர்கிறது. அந்த நேரம் பார்த்து அடுத்த யோசனை வருகிறது. அதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காததால் அதில் குறையே தெரிவதில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

கணினியின் வரலாறே இத்தகைய ஒரு முடியாத வேலையில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், கணித அட்டவணைகளைப் பிழையின்றிக் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை அமைக்க 1823ஆம் ஆண்டு அரசின் பண உதவியைப் பெற்றார். பத்தாண்டுகளில் அதன் ஒரு பகுதி மட்டுமே உருவானது. பொறியாளரோடு ஏற்பட்ட பிணக்கால் வேலை நின்றது. 1834இல் அவர் மனம் அதனினும் சிறந்த வேறோர் இயந்திரத்தின்பால் சென்றுவிட்டது. ஏறத்தாழ 17,000 பவுண்டு செலவான பின், 1842இல் அரசு கைவிரித்தது. 1871இல் அவர் மறைந்தபோது எந்த இயந்திரமும் முழுமை பெற்றிருக்கவில்லை.

மற்றொருவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத். நிரலாக்கக் கலை குறித்த பெருநூலை 1962இல் எழுதத் தொடங்கினார். முதல் மூன்று தொகுதிகள் 1973க்குள் வெளிவந்தன. 1977இல், இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப் படிகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே நூலை நிறுத்திவிட்டு, ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு நிரலை எழுத முற்பட்டார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய அந்த வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது.

பாபேஜின் கதையைப் போலவே தோன்றும் இது, ஓர் இடத்தில் வேறுபடுகிறது. இனி புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை, பிழை திருத்தம் மட்டுமே என்று 1990இல் நூத் அறிவித்து, டெக்கிற்கு ஓர் எல்லை கட்டினார். அதே ஆண்டு முதல் மின்னஞ்சலையும் கைவிட்டார். 1993இல் பேராசிரியர் பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று நூலுக்குத் திரும்பினார். நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011இலும், அடுத்த பகுதி 2022இலும் வெளிவந்தன. நூல் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அது நின்றுபோன வேலையன்று, நடந்துகொண்டிருக்கும் வேலை.

எங்கள் பதினேழுக்கு மீண்டும் வருவோம். அவற்றுக்காக வாங்கிய மூன்று டொமைன் பெயர்களுக்கு ஆண்டுக்குத் தலா 900 ரூபாயும், ஒரு வாடகை சர்வருக்கு மாதம் 345 ரூபாயும் எங்கள் அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்தன. ஆக, யாரும் பார்க்காத தளங்களுக்கு ஆண்டுக்கு 6,840 ரூபாய். அறிவிப்புகள் வராமல் இல்லை; நாங்கள்தான் படிக்கவில்லை. இத்தகைய தொடர் பற்றுகளுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாம் அளித்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறவும் இயலும்.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்று பட்டியலின் ஒன்பதாம் இடத்தில் இருந்தது. அம்மாவின் பாடல்களுக்கான தளம் அது. அவர் அறிந்த தாலாட்டுகளையும் நடவுப் பாடல்களையும் தொகுத்துவைக்க நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கினோம். முகப்பை மூன்று முறை மாற்றி அமைத்தோம். தேடும் வசதியும் செய்தோம். பதிவு செய்த பாடல்களோ இரண்டே இரண்டு.

மறுநாளே மற்ற பதினாறையும் ஒதுக்கினோம். தளத்தையும் விட்டுவிட்டோம். ஞாயிறுதோறும் கைப்பேசியை அவர் அருகில் வைத்து, பாடியதைப் பதிவு செய்து, ஒரு நோட்டில் எழுதினோம். பதினொரு வாரங்களில் 23 பாடல்கள் சேர்ந்தன. அவற்றுள் ஆறு பாடல்களின் தொடக்க அடிகள் மட்டுமே எழுபத்தெட்டு வயதான அவருக்கு நினைவில் எஞ்சியிருந்தன. “அப்பவே கேட்டிருந்தா முழுசாச் சொல்லியிருப்பேனேப்பா” என்றார். அந்த ஆறும் இனிக் கிடைக்கப்போவதில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. ஒரு தாளில் எல்லா வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘முடிப்பது’, ‘ஒத்திவைப்பது’, ‘மூடுவது’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். முடிப்பதில் ஒரே ஒரு வேலைதான் இருக்கலாம். எது நடந்தால் அது முடிந்ததாகும் என்பதை முன்னதாகவே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பிறருக்காகக் காத்திருக்க இயலாத வேலை எதுவோ, அதற்கே முதலிடம்.

ஒத்திவைப்பதில் வெட்கமில்லை. ஈராண்டுகள் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை இல்லாத சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிறது. அதில் உள்ள பணம் அழிந்துவிடுவதில்லை, உரிய சான்றுகளோடு சென்றால் உயிர்பெறுகிறது. அதுபோல ஈராண்டுகள் தொடப்படாத முயற்சியைச் செயல்படாததென்று குறித்துவிட்டு, மனத்திலிருந்து இறக்கி வைக்கலாம்.

மூடுவதை மட்டும் முறையாகச் செய்ய வேண்டும். எதுவரை வந்தோம், எங்கே நின்றோம் என்று ஒரு பக்கம் எழுதி, கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து, தொடர் பற்றுக்கான ஒப்புதலை நீக்கிவிட வேண்டும். பாபேஜ் பின்னாளில் வரைந்துவைத்த மற்றோர் இயந்திரத்தின் வரைபடங்களைக் கொண்டே, 1991இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதன் கணக்கிடும் பகுதியை அமைத்தது. அது பிழையின்றி இயங்கியது. குறிப்போடு விடப்பட்ட வேலையைப் பிறர் எடுத்து முடிக்கலாம்.

இந்த மார்ச் மாதத்தில் வங்கிக் கணக்கோடு இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்ப்போம். எங்கள் பட்டியலில் இப்போது நடப்பில் இருப்பது ஒன்று: நாவலின் ஐந்தாம் அத்தியாயம்.