மானுக்கு விதைக்கும் நிலம்

நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையாளன் இரவு முழுவதும் பரண்மீது விழித்திருப்பது, பன்றியையும் மானையும் பயிரினின்று விரட்டுவதற்காகும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ, தம் வேட்டைக் காட்டில் வெண்வால் மான் வந்து மேய வேண்டுமென்றே பயிரிடுவோர் பலர் உளர். அத்தகைய சிறு வயல்களை எங்ஙனம் அமைப்பது என்பதே இன்று நாம் நோக்கும் பொருள்.

எதனை விதைப்பது என்பதிலேயே புதியவரின் கருத்து முழுதும் சென்றுவிடும். உண்மையில் முதலிலே தீர்மானிக்க வேண்டியது, வேட்டைக்காரன் எவ்வழி வந்து எவ்வழி மீள்வான் என்பதாகும். வெண்வால் மான் பகலிற் பெரும்பாலும் அடர்ந்த புதரிற் படுத்திருந்து, அந்தியிலும் வைகறையிலும் எழுந்து மேயும். அதன் மூக்கை ஏமாற்றுதல் அரிது. மனித வாடை அதன் படுக்கையை நோக்கி வீசுமாயின், அல்லது இருளில் இறங்கிச் செல்பவன் மேய்ந்து நிற்கும் மான்களைக் கலைப்பானாயின், அவை நாளடைவில் நள்ளிரவிலன்றி அவ்வயலுக்கு வரமாட்டா. பயிர் செழித்திருக்கும், வேட்டை இராது. ஆதலால், வேட்டைப் பருவத்தில் மிகுதியாக வீசும் காற்றை அறிந்து, மான் வரும் திசையிலிருந்து பரணை நோக்கி அக்காற்று வீசுமாறு இடம் தெரிதல் வேண்டும். மலைச்சரிவாயின் மற்றொன்றும் உண்டு. மாலையிற் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். மேட்டில் இருப்பவனின் வாடையும் அதனுடன் இறங்கிவிடும்.

அகன்ற சதுர வயலின் நடுவே வெளிச்சத்தில் நிற்க மான் அஞ்சும். காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்களையே வேட்டை விலங்குகள் நாடுகின்றன என்பதை, 1933இல் வெளியான தமது வேட்டை விலங்கு மேலாண்மை நூலில் அல்டோ லியோபோல்ட் வலியுறுத்தினார். எனவே நீண்டு வளைந்த வயலே சிறந்தது. அதன் நடுப்பகுதி இடுப்புப்போல ஒடுங்கியிருப்பின் இன்னும் நன்று. அவ்வழியே கடக்கும் மான், வில்லுக்கு எட்டும் 20, 30 மீற்றர் தொலைவில் அகப்படும். நெடுந்தொலைவில் எய்து, காயம்பட்ட விலங்கைக் காட்டிலே தொலைப்பதை வேட்டையென்று சொல்வதற்கில்லை.

விதையைப் பொறுத்தவரை, குளோவர் என்னும் அவரையினத் தீவனச் செடி பல ஆண்டு நிற்கும். ஓட்ஸ் விரைவில் முளைக்கும். புளிப்பு மிகுந்த மண்ணாயின் முன்னதாகவே சுண்ணாம்பு இடல் வேண்டும். ஆயினும் ஓக் மரங்கள் காய் உதிர்க்கும் வாரங்களில், எத்துணை நல்ல பயிரையும் மான் திரும்பிப் பாராது!

வயலில் ஓரிடத்தைச் சிறு கம்பிவலையால் வளைத்து வைப்பது வழக்கம். உள்ளே வளர்ந்ததையும் வெளியே எஞ்சியதையும் ஒப்பிட்டால், மான் தின்ற அளவு தெரியும். வெளியே வெறும் மண்ணே எஞ்சியிருக்குமாயின், வயலைப் பெருக்குவதன் முன், அக்காடு தாங்கக்கூடிய அளவை மான் தொகை மீறிவிட்டதா என்று ஆராய்தல் வேண்டும்.