பின் அக்சில் மாற்றும்போது பினியனின் சரிவைக் கவனிப்போம்

நெல் மூடை ஏற்றவும், வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், அவசரத்துக்கு நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் சில குடும்பங்கள் பங்குபோட்டு ஒரு பழைய பிக்கப் வாகனத்தை வைத்திருப்பது நமது கிராமங்களில் புதிதன்று. அதன் பின் அக்சில் பழுதாகிவிட்டால் அதே இன அக்சில் கிடைப்பது அரிது. வேறொரு வாகனத்தின் அக்சிலையே வாங்கிப் பூட்டவேண்டி வருகிறது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகங்கள் வராது போன காலத்தில் வடக்கிலுள்ள மெக்கானிக்மார் இவ்வகை வேலைகளில் நல்ல கைத்தேர்ச்சி பெற்றார்கள். ஆயினும் அவசரத்தில் தவறிப்போகும் விடயம் ஒன்று உண்டு. அதுவே பினியனின் சரிவு.

கியர்பொக்சிலிருந்து பின் அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்வது நீண்ட சாப்ட். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு யூனிவேர்சல் ஜொயின்ற் உண்டு. ஜொயின்ற் வளைந்த நிலையில் சுழலும்போது ஒரு குறை இருக்கிறது. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடிக் குறையும். வளைவு 10 பாகையானால் இந்த வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவு. 20 பாகையானால் நூற்றுக்கு ஆறு. வளைவு இரட்டித்தால் குறை நான்கு மடங்காகிறது. முன் ஜொயின்ற் செய்யும் இக்குறையைப் பின் ஜொயின்ற் ஈடுசெய்ய வேண்டுமானால் இரண்டின் வளைவும் சமமாக இருக்கவேண்டும். அதற்குக் கியர்பொக்சின் வெளிவரும் அச்சும் பினியனின் அச்சும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கவேண்டும். இல்லையேல் வாகனம் வேகமெடுக்க அடியில் நடுக்கம் தோன்றும், ஜொயின்ற் தேயும், பினியன் ஒயில் சீல் கசியும். ஓட்டத்தில் முன் ஜொயின்ற் உடைந்து சாப்ட் தெருவில் குத்தினால் பின்னால் ஏறியிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் சரிசமாந்தரமாக வைத்து ஒட்டிவிடலாமா? கூடாது. பாரமான கலப்பையை இழுக்கும்போது உழவு இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். சில்லு முன்னோக்கி உருள, அதைச் சுழற்றும் அக்சில் கூடு பின்னோக்கித் திரும்ப முயல்கிறது. பிக்கப்பிலும் இதுவே நடக்கிறது. தகட்டு ஸ்பிரிங் சற்று முறுகி, பினியனின் மூக்கு உயர்கிறது. எனவே வாகனம் நிற்கும்போது மூக்கைச் சமாந்தர நிலையிலிருந்து 1 அல்லது 2 பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம். உதாரணமாக, கியர்பொக்ஸ் அச்சு பின்பக்கமாக 3 பாகை கீழ்ச்சரிவாக இருந்தால், பினியன் மூக்கு 3 பாகை உயர்ந்திருப்பதே சமாந்தரம். நாம் அதை 1 அல்லது 2 பாகை உயர்வில் வைப்போம். தடித்த ஸ்பிரிங் கட்டுக்குக் குறைந்த ஒதுக்கமே போதும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பிள்ளைகளின் பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மையத்திலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் போதும். சாப்டைக் கழற்றிவிட்டு, தச்சரின் மூலைமட்டத்தின் ஒரு கையைப் பினியன் முகத்தட்டில் நிமிர்த்தி வைத்து, மற்றக் கையின் அடியில் பாகைமானியைப் பிடியுங்கள். நூல் 90 இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே சரிவு. கியர்பொக்ஸ் பக்கமும் இவ்வாறே.

அளவெடுக்கும்போது வாகனம் சமதரையில் தன் பாரத்தைச் சில்லுகளின் மேல் தாங்கி நிற்கவேண்டும். சட்டத்தை ஜக்கில் உயர்த்தி, அக்சில் தொங்கும் நிலையில் எடுத்த அளவு பயன்படாது.

அக்சில் குழாயின்மேல் ஸ்பிரிங் அமரும் இருக்கையைக் கராஜில் ஸ்பிரிங் சீற் என்பார்கள். பழைய சீற்றைக் குழாயில் வெட்டு விழாமல் அராவி அகற்றவேண்டும். புதியவற்றை ஒட்டாமலே ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்து, நடுப் போல்ட்டின் தலை அதன் துளையில் இருக்க, யூ போல்ட்டை இலேசாக இறுக்குங்கள். அக்சில் நடுவில் உள்ளதா, இருபக்கச் சில்லுகளும் முன்சில்லிலிருந்து ஒரே தூரத்தில் உள்ளனவா என்று பார்த்தபின் கூட்டைத் திருப்பிச் சரிவை அமையுங்கள். பிறகு ஒவ்வொரு சீற்றிலும் நாலு பொட்டு வெல்டிங் மட்டும். மறுபடி அளவுங்கள். இந்த இரண்டாம் அளவை வீண்வேலை என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அளவு சரியானால் அக்சிலைக் கழற்றி வெளியே எடுத்து முழுமையாக ஒட்டலாம். பெயின்றும் துருவும் போக இரும்பு பளிச்சிடவேண்டும். ஈரம் பிடிக்காத 7018 குச்சி நல்லது. ஒரு அங்குலம் ஒட்டி, அடுத்த பக்கம் போய், ஆறவிட்டு மீண்டும் வரவேண்டும். ஒரே மூச்சில் ஒட்டினால் குழாய் வளைந்து, உள்ளே அரைச்சாப்டும் பெயரிங்கும் பழுதாகும். சீற்றின் இரு நீளப் பக்கங்களிலும் ஒட்டினால் போதும். குழாயைச் சுற்றி வளையமாக ஒட்டினால் அந்த இடத்தில் வெடிப்பு விழ இடமுண்டு. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. எர்த் வயரைப் பெயரிங்குக்கு அப்பால் கொளுவாமல், ஒட்டும் இடத்துக்கு அருகே குழாயிலேயே கொளுவவேண்டும். நடுவிலுள்ள வார்ப்பிரும்புக் கூட்டில் சாதாரண வெல்டிங் நிலைக்காது. அங்கே ஒன்றும் ஒட்டவேண்டாம்.

பூட்டும்போது புதிய யூ போல்ட்டுகளையே போடுங்கள். முதல் நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறையும், முதற்பாரம் ஏற்றி இறக்கியபின் இன்னொரு முறையும் இறுக்கவேண்டும்.

ஏற்கெனவே ஒட்டி முடிந்த வாகனத்தில் ஓரிரு பாகை பிழையிருந்தால் வெட்டத் தேவையில்லை. ஸ்பிரிங்குக்கும் சீற்றுக்கும் இடையே உருக்கு ஆப்பு வைத்துத் திருத்தலாம். ஸ்பிரிங் அக்சிலின் மேலே இருக்கும் வாகனத்தில், மூக்கை உயர்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னாலும், தாழ்த்த முன்னாலும் வரவேண்டும். மரத்துண்டு வைப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறோம். அது நசிந்துவிடும்; அதனுடன் யூ போல்ட்டும் தளர்ந்துவிடும்.