இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும்

ஆஸ்திரேலியாவில் மாரீ முதல் பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் நீளும் கற்பாதையில், காரவான் எனும் வீட்டுவண்டியை மோட்டாரின் பின்னே பூட்டிச் செல்வோர் உண்டு. அங்கே டயர் கிழிந்தால் உதவி அருகில் இராது. ஆதலால் இரு வண்டிகளுக்கும் ஒரே சக்கரம் பொருந்துமாறு அமைத்துக்கொள்வர். எந்த ஸ்டெப்னியும் எதற்கும் உதவும்.

டயரின் அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. லாண்ட்குரூசர் 200 வரிசை வண்டியில் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள். நான்கு சக்கரமும் இயங்கும் ஹைலக்ஸில் 139.7 மில்லிமீட்டரில் ஆறு. ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறவே ஏறாது. போல்ட்டுகள் ஒத்தாலும், நடுத்துளையையும் சுமை தாங்கும் திறனையும் நோக்குதல் வேண்டும். நட்டுகளையோ பலரும் மறந்தே போகின்றனர்! அலாய் சக்கரத்து நட்டு இரும்புச் சக்கரத்தில் சரிவரப் பதியாதிருக்கலாம். புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாற்றிப் பூட்டிப் பார்த்துவிடுமாறு வேண்டுகிறோம்.