பட்டுப்புடவை ரேக் ஏன் தொங்குது?

ஆரணியில பட்டுக்கடை வெச்சிருக்கிற என் கிளையண்ட் ஒருத்தர், காசு மிச்சம்னு ரேக்குக்கு 12 மி.மீ. பிளைவுட் போட்டாரு. அடுத்த தீபாவளிக்குள்ள பலகை நடுவுல தொங்கிடுச்சு. மறுபடியும் செலவு!

பலகையை ரெண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, நடுவுல அழுத்திச் சோதிப்பாங்க. எந்த எடையில உடையுதுங்கிறது வலிமை. எவ்வளவு வளையுதுங்கிறது விறைப்பு. புடவை ரேக் உடையறது அபூர்வம், தொங்குறதுதான் வழக்கம். அதனால விறைப்பைப் பாருங்க.

அதே ரகத்துல 18 மி.மீ. போட்டா கனம் 1.5 மடங்கு. விறைப்போ 1.5 × 1.5 × 1.5, கிட்டத்தட்ட 3.4 மடங்கு! பட்ஜெட் இடிக்குதா? நடுவுல ஒரு முட்டு வைங்க. தொய்வு 16-ல ஒரு பங்கைத் தாண்டாது.

பில்லுல வெறும் ‘பிளைவுட்’னு இருந்தா விடாதீங்க. ஐ.எஸ். 303-ஆ, 710-ஆ, கனம் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. பார்ட்டிகிள் போர்டுன்னா அது ஐ.எஸ். 3087.