பாம்புக்கு இரையாக வளர்க்கும் வெள்ளை எலி

எலி என்ற மாத்திரத்தில் குடியானவர்களுக்குக் கிட்டியும் விஷமுமே ஞாபகத்திற்கு வரும். தூரை அறுத்தும், கதிரை வளைக்குள் சேர்த்தும் நஷ்டம் விளைவிக்கும் இப்பிராணியை ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தீனி போட்டு வளர்ப்பார் என்றால் நகைப்புக்கு இடமாகும். ஆயினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எலியைச் செல்லமாக வளர்ப்போர் உண்டு. பாம்பு வளர்ப்போரும் உண்டு. ஒரே கூண்டின் குட்டிகளில் சிலவற்றைச் செல்லமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பாம்புக்கு இடுவோரும் உண்டு. இதைப்பற்றி நம்மவரும் விசாரிப்பதால், அம்முறையின் விவரத்தைக் கீழே எழுதுகிறேன்.

இந்த இரட்டை வழக்கம் பழையதே. விக்டோரியா மகாராணியார் காலத்தில் லண்டனில் ஜாக் பிளாக் என்னும் எலி பிடிப்பவர் இருந்தார். பிடித்தவற்றில் விசித்திர நிறமுள்ளவற்றைப் பிரித்து இனம் பெருக்கிச் சீமாட்டிகளுக்கு விற்றார். நாய்களை விட்டு எலி கொல்லும் பந்தயங்களுக்கும் எலி கொடுத்து வந்தார். பிற்காலத்தில், 1906-ல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிலையத்தில் சோதனைகளுக்கென ஒரு வெள்ளை இனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெள்ளை எலி என்பது சாக்கடைகளில் வாழும் பழுப்பு எலியின் வெளிறிய வகையேயாகும். நம் வயல் வரப்பைக் குடையும் எலி வேறு சாதி.

இதன் சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் சாதாரணமாய் 8 முதல் 12 குட்டிகள் பிறக்கும். அவை மயிரின்றிச் சிவந்து, கண் மூடியிருக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்று, நான்கு வாரத்தில் பால் மறக்கும். இவ்விடத்தில்தான் பலர் அஜாக்கிரதையாய் இருக்கிறார்கள். ஐந்து வாரம் சென்ற குட்டிகள் இனவிருத்திக்குத் தயாராகிவிடுமாதலால், அதற்கு முன்னரே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். ஈன்ற தாயும் ஒரு நாளைக்குள் மறுபடி சினையாகக் கூடும். ஆணை உடன் விட்டுவைத்தால், தாய் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமந்து இளைத்துப்போகும். கிடாயைப் பிரித்துக் கட்டும் வழக்கம் அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் தீனி போதும். தானியம், பயறு, சிறிது கருவாட்டுத் தூள், கீரை ஆகியவை தகுந்தவை. பூஞ்சாணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை ஒருபோதும் இடக்கூடாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால் கடிப்பதற்கு மரத்துண்டு வேண்டும். மூத்திரம் ஊறிய படுக்கையை மாற்றாவிடில் அதன் நெடியால் சுவாசப்பை வியாதி மிகும். எல்லாவற்றினும் பெரிய பகை வெப்பம். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதற்கு உகந்தது. உடற்சூட்டை வெளிவிடும் முக்கிய உறுப்பு வாலேயாகும். அதுவும் சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்கு ஈடுகொடாது.

பால் மறந்த தருணத்தில் குட்டிகளைத் தரம் பிரிப்பார்கள். வியாதியில்லாத தாயின் சாந்தமான குட்டிகள் இனத்துக்கும் செல்லத்துக்கும் நிற்கும். மற்றவை இரைக்குப் போகும். வீட்டுக் குழந்தைகள் பெயரிட்டுக் கொஞ்சிய குட்டியைப் பிறகு இரைக்கு எடுப்பது அக்குழந்தைகளுக்குச் செய்யும் துரோகமாகையால், இரண்டையும் முதலிலேயே வேறு கூண்டில் வைப்பதே முறை. ஆனால் இரைதானே என்று அதனை அழுக்கில் வளர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளேன். அதற்கும் அதே தீனி, அதே நீர், அதே படுக்கை வேண்டும். எலியின் வியாதி பாம்புக்கும், கையாளுகிறவருக்கும் சேரக்கூடும்.

உயிரோடு விடுவதும் தவறு. மூலையில் அகப்பட்ட எலி பாம்பைக் கடித்துப் பெருங்காயம் செய்துவிடும். ஆதலால் கரியமில வாயுவை மெதுவாகச் செலுத்திக் கொன்று, உறையவைத்து, வேண்டியபோது குளிர் நீங்கச் செய்து இடுகிறார்கள். இரையின் பருமன் பாம்பின் உடலில் அதிகப் பருத்த இடத்திற்கு மேற்படலாகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, வயலெலியைப் பிடித்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடக்கூடாது. புரோமடியோலோன் கலந்த இரையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் நடமாடும். அந்நாட்களில் மருந்து அதன் ஈரலில் தங்கியிருக்கும். அவ்வெலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பிற பிராணிகளுக்கும் அதே விஷம் சேரும். வைத்தவர் வேறு, பிடித்தவர் வேறு ஆகையால், எந்த எலி விஷம் தின்றது என்று பார்த்தறிய வழியில்லை. விஷம் வைத்த வயலில் கிடக்கும் எலிகளைத் தினந்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டியதும் இதனாலேயே.

இதைத் தொழிலாகத் தொடங்க எண்ணுவோர், நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க நமக்கு இடமில்லை என்பதை மறக்கலாகாது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே பாம்புக்கென வெள்ளை எலி கொள்ளக்கூடியவை மிருகக்காட்சி சாலைகளும், கிண்டியிலுள்ளது போன்ற பாம்புப் பண்ணைகளும் ஆகும். கூண்டு செய்ய ஆசாரியை அழைக்குமுன், வாங்குவார்களா என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நலம். வேறு எவரேனும் கிராமத்திற்கு வந்து பாம்புக்கென்று எலி கேட்டால், கிராம நிர்வாக அலுவலர் அச்செய்தியை வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.