கொழுப்பை எரிக்கும் டிஎன்பி உயிரைப் பறிப்பது ஏன்? செல்லுக்குள் நடப்பது என்ன?

‘டயட் வேண்டாம், ஜிம் வேண்டாம், உடம்பே கொழுப்பை எரித்துவிடும்’ என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் பொருட்களில் ஒன்று டிஎன்பி எனப்படும் டைநைட்ரோபீனால். இது நிஜமாகவே எடையைக் குறைக்கும். கூடவே உயிரையும் எடுத்துவிடும். ஏன்?

நோட்டும் சில்லறையும்

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கின்றன. ஆனால், செல் அதை நேரடியாகச் செலவழிக்க முடியாது. பெரிய நோட்டைச் சில்லறையாக்குவது மாதிரி, அதன் ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறுகளாக மாற்ற வேண்டும். இதுதான் செல் சுவாசம்.

முதல் கட்டத்தில் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸ் இரண்டாக உடைகிறது. கிடைக்கும் நிகர லாபம் வெறும் 2 ஏடிபி. மீதி வேலை மைட்டோகாண்ட்ரியாவில். அதையும் சேர்த்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி கிடைக்கும்.

குட்டி அணை

உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள புரதங்கள் வழியாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. நாம் மூச்சு விடுவதே இதற்காகத்தான். இந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளித் தேக்குகிறது. தேங்கிய புரோட்டான்கள் திரும்பிப் பாயும்போது ஒரு நொதி டர்பைன் போலச் சுழன்று ஏடிபியைத் தயாரிக்கிறது. 1961-ல் பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அணையில் ஓட்டை

டிஎன்பி இந்த அணையில் ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் டர்பைனைச் சுற்றாமலே கசிந்துவிட, ஆற்றல் முழுக்க வெப்பமாகிறது. ஏடிபி போதாமல் செல் இன்னும் கொழுப்பை எரிக்கிறது. எடை குறைகிறது; உடல் கொதிக்கிறது. வியர்வை, படபடப்பு, மூச்சிரைப்பு என்று தொடங்கி மரணம் வரை போகலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

முதல் உலகப் போரின்போதே பிரான்ஸின் வெடிமருந்து ஆலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், சிலர் இறந்தார்கள். ஆனாலும் 1930-களில் அமெரிக்காவில் எடைக்குறைப்பு மருந்தாக விற்கப்பட்டது. கண்புரையும் மரணங்களும் தொடர்ந்ததால் 1938-ல் முடிவு கட்டப்பட்டது.

பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலும் இதே கசிவு உண்டு. குளிரில் உடலைச் சூடாக வைப்பதே அதன் வேலை. ஆனால் அந்தக் கதவைத் தேவைக்குத் திறக்கவும் மூடவும் உடலுக்குத் தெரியும். டிஎன்பி போடும் ஓட்டையை மூட யாராலும் முடியாது. தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.