குன்னத்தில் கிடைத்தது முட்டையல்ல

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் தென்பட்டன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் சேதி பறந்தது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டையில்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ முட்டையைவிட இந்த உருண்டைதான் சுவாரசியம்.

அம்மோனைட் கணவாய்க்குத் தூரத்து உறவு. ஆட்டுக்கடாக் கொம்புபோலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. செத்தால் கடலடிச் சேற்றில் புதையும். உடல் அழுக அழுக, சேற்று நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படியும். சேறும் மணலும் அதோடு பிணைந்து உருண்டையாகும். நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் எடுத்து வைணவர்கள் பூஜிக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான்.

குன்னத்துக்குக் கடல் எப்படி வந்தது? கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது நம் கிழக்கு விளிம்பு தாழ்ந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்த கடல், ஏறியும் இறங்கியும் பல கோடி ஆண்டுகள் இங்கே கிடந்தது. அதன் படிவுகளுக்கு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். காரை என்ற ஊரில் புல்கூட முளைக்கத் தயங்கும் களிமண் மேடுகளில், துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட்டுகள் சிதறிக் கிடக்கும். இவையும் கணவாய்ச் சொந்தமே. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடலடியில் புதைந்த மரம் அது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்தப் படிவுகளின் சிப்பி, நத்தைப் புதைபடிவங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிவிட்டார்.

டைனோசரே இல்லையா என்றால், உண்டு. கடல் பின்வாங்கிய காலத்துக் கல்லமேட்டுப் படிவில் கிடைத்த பேரெலும்புகளை வைத்து, 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகிலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் எலும்புகள் பொடிந்து போயின. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான்.

அதே கடல் விட்டுப்போன கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி பழங்காலச் சிப்பி ஓடுகள். அரியலூர் சிமெண்ட் ஆலைகள் அரைப்பது இத்தகைய கல்லைத்தான். ஆலைகளை மூடச் சொல்லவில்லை. அரைக்குமுன் ஒரு நிலவியலாளர் வந்து பார்க்கட்டும். உங்கள் வயலில் உருண்டைக் கல் கிடைத்தால் நீங்களும் உடைக்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள்.